தூண்டில் அலாரம் சோம்பேறிகளுக்கானது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழ் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டுக்கு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன், வேறு பத்திரிகையாக இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் போயிருப்பேன். போன வாரம் தூண்டில் பற்றி வந்த கட்டுரையில், மீன் கடித்தால் பீப் என்று கத்தும் கருவியை மாட்டிவிட்டுத் தூங்குகிறவர்களைத் தூண்டில்காரர்கள் என்று சொல்லவே கூடாது, அது சோம்பேறிகளின் வேலை என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது நான்தான். இதையும் வாசித்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பாவுக்குக் குளுக்கோமா. ஒரு கண்ணில் பார்வை அநேகமாக இல்லை, மற்றதில் நேரே இருப்பது மட்டும் தெரியும். தண்ணீரில் மிதக்கும் தக்கையை அவரால் பார்க்க முடியாது. சின்ன வயதிலிருந்து தூண்டில் போட்ட மனிதர் அதோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு கொழும்பு வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திரும்பவும் தண்ணீர்க் கரைக்குக் கொண்டுபோனது நீங்கள் சோம்பேறிக் கருவி என்று சொன்ன அதே அலாரம்தான். ஹட்டன் பக்கம் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள நீர்த்தேக்கக் கரையில் கெண்டைக்காக இரவில் உட்காருவோம். பனி இறங்கினால் கண் நல்லா இருக்கிறவர்களுக்கே தடியின் நுனி தெரியாது, அட்டைக்கடி வேறு. அந்த இருட்டில் சத்தம் வந்ததும் முதலில் எழும்புவது அப்பா, நான் இல்லை.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்று எழுதியவர் ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்த்தாரா? தங்கூசி, அதாவது தூண்டில் நைலோன் நூல், ஒரு சின்னச் சில்லின் மேலாகப் போகிறது, சில்லில் காந்தம் இருக்கிறது, மீன் இழுத்தால் சில்லு சுழலும், சத்தம் வரும், ஒரு சின்ன வெளிச்சமும் எரியும். சில்லே இல்லாமல் தங்கூசியின் அதிர்வை உணர்ந்து கத்துகிற வகையும் உண்டு. அவ்வளவுதான். அது தூண்டிலைச் சுண்டாது, ரீலைச் சுற்றாது, மீனைக் கரைக்குக் கொண்டுவராது. ஒற்றைச் சத்தம் வந்தால் காற்றா, பாசியா, சும்மா உரசிப் போன மீனா, சின்ன மீன் கொறிக்கிறதா என்று புரிந்துகொள்ள வேண்டும். மீன் கரையை நோக்கி வந்தால் தங்கூசி தளரும், அப்போது தங்கூசியில் தொங்கவிட்டிருக்கும் சின்னப் பாரம் கீழே இறங்கும், சத்தமும் வேறு மாதிரி விட்டு விட்டு வரும், அதையும் கடி என்று தெரிந்துகொள்கிறவன்தான் மீன் பிடிப்பான். அப்பா இதையெல்லாம் காதாலேயே கற்றுக்கொண்டார்.

இதில் தூங்குகிற பேச்சே தப்பு. கெண்டை, தூண்டில் முள் குத்தியதும் பாய்ந்து ஓடுகிற மீன், நீங்கள் மெதுவாக எழும்பி வந்தால் அது பாசிக்குள்ளோ கட்டைக்கடியிலோ போய்ச் சிக்கிவிடும், சில நேரம் தடியையே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அலாரம் வேண்டும். இந்தக் கருவி பிறந்த இங்கிலாந்தில், முள்ளில் இரை மாட்டிய தடியைக் கவனிக்க ஆள் இல்லாமல் விட்டுவிட்டுப் போவது சட்டப்படி குற்றம். அங்கே 1950களில் மின்சார அலாரத்தைத் தானே செய்துகொண்டவர் ரிச்சர்ட் வாக்கர். 1952 செப்டம்பரில் ரெட்மயர் குளத்தில் 44 இறாத்தல் கெண்டையைப் பிடித்து, அது பல ஆண்டுகள் பிரிட்டனின் சாதனையாக இருந்ததே, அதே வாக்கர்தான். அவர் சோம்பேறியா? அதற்கு முன்னால் தங்கூசியில் வெள்ளித்தாளை மடித்துத் தொங்கவிட்டு இரவு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கஷ்டம் தெரிந்ததால்தான் இதைச் செய்தார்கள். இங்கேயும் தடி நுனியில் மணி கட்டுகிறோம், காற்றடித்தால் விடிய விடிய அடிக்கும். அந்த மணியை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்லவில்லையே.

அந்தக் கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெண்டை என்று போட்டு நீங்கள் அச்சடித்திருப்பது திலாப்பியா. கெண்டைக்கு வாயோரம் இரண்டு சோடி மீசை இருக்கும், திலாப்பியாவுக்கு மீசையே கிடையாது, முதுகுச் செட்டையில் வரிசையாக முள் நிற்கும். மீன் வளர்ப்புக்கான அரசாங்க அதிகாரசபையான நக்டா குளங்களில் விடுகிற மீன் குஞ்சுகளில் கட்லா, ரோகு, கெண்டை எல்லாம் இருக்கின்றன, திலாப்பியா எந்தச் சந்தையிலும் கிடைக்கிறது. சாப்பிடுகிற மீனையாவது ஒழுங்காகப் போட்டிருக்கலாம். தலைப்பிலும் 'ஆண்களின் ஞாயிறு' என்று வைத்திருக்கிறீர்கள். வருடக் கணக்காக அப்பாவின் தடிகளைத் தூக்கிக்கொண்டு போய் இரை மாட்டி எறிந்து கொடுக்கிற மகள் நான், என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முன்பு ஒரு தடவை, கரைகளில் அறுத்துப் போடுகிற தங்கூசியில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கால் சிக்கிச் சாகின்றன என்று உங்களுக்கு எழுதினேன். நீங்கள் அதைப் பாதியில் வெட்டி, தூண்டில் போடுவதையே தடை செய்யச் சொன்னது போலப் போட்டீர்கள். மாமா வீட்டில் எல்லாரும் என்னைக் கேட்டார்கள், நான் என்ன சொல்ல? கிரிக்கெட்டுக்கு ஒவ்வொரு வாரமும் பக்கம் பக்கமாக இருக்கிறது. குளத்தங்கரைக்கு எப்போதாவது கால் பக்கம் தருகிறீர்கள், அதுவும் இப்படித்தான் வருகிறது.

2022இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது அலாரத்துக்கான 9 வோல்ட் பெட்டரிக்காகக் கடை கடையாக அலைந்தோம். அதற்குப் பிறகு புறக்கோட்டையில் ஒரு கடையில், தண்ணீர் போகாது என்று உறுதி சொல்லித் தந்த அலாரம் முதல் மழையிலேயே செத்துப்போனது, திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள், திருத்துவதற்குக் கொழும்பில் ஒருவரையும் தேடிப் பிடிக்க முடியவில்லை. எழுதுவதென்றால் இதை எழுதலாமே. எதைப் பார்த்து வாங்குவது, மழையில் எப்படி மூடி வைப்பது, பெட்டரி கசிந்தால் என்ன செய்வது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் சத்தத்தை எவ்வளவு குறைத்து வைப்பது. எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

உங்களுக்குத் தெரியாத விஷயம் இதில் ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் யாராவது இதைப் பார்த்து நிறுத்தியிருக்கலாம். எழுதியவரை நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, பார்வை குறைந்தவர்களும் இரவில் மீன் பிடிப்பவர்களும் இந்த அலாரத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரே ஒரு வரி போடுங்கள், படத்துக்குக் கீழே உள்ள பெயரையும் திருத்துங்கள். இந்தக் கடிதத்தைப் போடுவதானால் தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள், இடமில்லை என்றால் போடாமலே விடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருத்தி