தை மாதம் பால் காய்ச்சுபவர்களுக்கு: மார்பிள் பாலிஷ் பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்தாலே எங்களிடம் ஒரே கேள்விதான் வருகிறது: "தையில் கிரகப்பிரவேசம், ரெண்டு நாளில் பாலிஷ் முடித்துக் கொடுத்துவிடுவீர்களா?" முடியாது. அதற்கான காரணங்களையும், வேலை நடக்கும்போது நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதியிருக்கிறோம்.

மார்பிளின் பளபளப்பு மேலே பூசி வருவதல்ல. கல்லின் முகத்தை ஒவ்வொரு நம்பர் தேய்ப்புக் கல்லாக (நம்பர் கூடக் கூடக் கல் நைசாகும்) தேய்த்துக்கொண்டே போனால், கீறல்கள் கண்ணுக்குப் படாத அளவுக்கு நுணுகிவிடும். அப்போது வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது. மெழுகு தேய்த்தும் ஒரு மினுக்கம் காட்டலாம். ஆனால் சில மாதத்தில் அது பழுப்பேறும், காலும் வழுக்கும். நாங்கள் மெழுகு போடுவதில்லை.

கல் பதித்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள் கழித்துத்தான் மெஷினை இறக்கலாம். அடியில் உள்ள கலவை இறுகாமல் மெஷின் ஓடினால் அதிர்வில் கல் விட்டுப்போகும். மெஷின் வருவதற்கு முன், ஒரு நாணயத்தால் ஒவ்வொரு கல்லின் நாலு மூலையையும் நடுவையும் தட்டிப் பாருங்கள். கல் கெட்டியாக உட்கார்ந்திருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும். 'டொக்' என்று பானையைத் தட்டியது போல் கேட்டால் அடியில் காலியாக இருக்கிறது. அதில் சாக்பீஸால் குறி போட்டு, கொத்தனாரை விட்டு எடுத்துப் பதிக்கச் சொல்லுங்கள். பாலிஷ் போட்டபின் அந்தக் கல் உடைந்தால், புதுக்கல்லை மட்டும் தனியாகத் தேய்த்துப் பக்கத்துக் கல்லோடு ஒத்துப்போக வைப்பது படாதபாடு.

முதல் கட்டத்துக்கு 60 நம்பர் கார்போரண்டம் என்ற தேய்ப்புக் கல். முழு வேலையின் தலையெழுத்தும் இங்கேதான் இருக்கிறது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் உள்ள ஏற்ற இறக்கம் இந்தக் கட்டத்தில்தான் போகும், பின்னால் வரும் எந்தக் கல்லாலும் போகாது. கடையில் வாங்கும் மார்பிள் பெரும்பாலும் 16 முதல் 18 மில்லிமீட்டர் கனம். அதில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தேய்ந்தால் பாதகமில்லை. பதித்தவர் 3 மில்லிமீட்டர் ஏற்றம் விட்டிருந்தால், தேய்த்துச் சரிக்கட்டுவதைவிட அந்தக் கல்லை எடுத்துப் பதிப்பதே மேல். மட்டப்பலகையை ஜாயின்டின் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

60-க்குப் பிறகு ஜாயின்டையும் ஊசித் துளைகளையும் அடைக்க வேண்டும். வெள்ளை சிமெண்டில் கல்லின் நிறத்துக்கேற்பப் பொடி கலந்து பசையாக இழுப்பது பழைய முறை. அதற்கு நாலு நாளாவது ஈரம் காட்டி இறுக விட வேண்டும். அவசரப்பட்டால் 120 நம்பர் கல்லே அடைப்பைப் பிடுங்கி வெளியே போட்டுவிடும். எபாக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின்) என்றால் மறுநாளே தேய்க்கலாம், ஆனால் கல் உலர்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு சோதனை: இரண்டடி சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் எபாக்சியும் வேண்டாம், சீலரும் (கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் பூச்சு) வேண்டாம்.

அடுத்து 120, 220, 400, 600, 800, 1000. ஒரு நம்பரை நீளவாக்கில் ஓட்டினால் அடுத்ததைக் குறுக்கே ஓட்ட வேண்டும். அப்போதுதான் முந்தைய கீறல் போயிற்றா என்று தெரியும். கல் மாற்றும்போதெல்லாம் தரையை நன்றாகக் கழுவ வேண்டும். 60-இன் ஒரு மணல் பரல் 400-க்கு அடியில் மாட்டினால் வளைவளைவாகக் கோடு விழும். 120-லிருந்து நேரே 400-க்குத் தாவுவது நேரம் மிச்சப்படுத்தப் பலர் செய்யும் வேலை. பகலில் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள், வண்டவாளம் தெரிந்துவிடும். எங்கள் வேலையையும் அப்படிப் பார்த்தபிறகே கணக்கு முடியுங்கள்.

கடைசியில் ஆக்சாலிக் ஆசிட் பொடி. சதுர மீட்டருக்கு 33 கிராம், அதாவது 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 300 கிராம். தண்ணீர் தெளித்துக் கம்பளிப் பட்டையால் அழுத்தித் தேய்த்து, கழுவித் துடைக்க வேண்டும். பொடி விஷம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அன்றைக்குக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பெயிண்டர் வேலையையும் இதோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது தெறிக்கும் பால் (கல்தூள் கரைந்த வெள்ளைத் தண்ணீர்) சுவரில் ஓரடி உயரம் படியும். அதனால் 220 வரை முடித்துவிட்டு நிறுத்துவோம். கடைசிக் கோட்டிங் பெயிண்ட் அடித்தபின் வந்து மீதியை முடிப்போம். இடையில் தரையை மூட முதலில் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். ஈரச் சாக்கு, செய்தித்தாள், மரத்தூள் எதுவும் நேரடியாகக் கல்லில் படக்கூடாது, வெள்ளை மார்பிள் அந்தச் சாயத்தைக் குடித்துவிடும். அரைத்த பாலைக் குளியலறை ஜாலியில் ஊற்றவும் விடாதீர்கள். அது குழாய்க்குள் படிந்து கல்லாக இறுகும். வாளியில் தெளிய வைத்து, வண்டலைச் சாக்கில் கட்டிப் போடுவதே முறை.

பச்சை மார்பிள் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் சர்ப்பென்டைன் வகைக் கல், சுண்ணாம்புக் கல் அல்ல. சிலர் சொல்லும் கிரிஸ்டலைசிங் முறை (ரசாயனம் தெளித்து இரும்புக் கம்பளியால் தேய்த்துப் பளபளப்பேற்றுவது) அதில் பிடிக்காது. வெள்ளை மார்பிளிலும் அது ஏற்கெனவே பாலிஷான தரையின் மங்கலைத்தான் போக்கும், கீறலைப் போக்காது. அதற்குப் போடும் இரும்புக் கம்பளியின் இழை ஒன்று தங்கினாலும் துருக்கறை நிச்சயம்.

குடிபோனபின் மார்பிளுக்கு முதல் எதிரி கழிப்பறை கழுவும் ஆசிட். எலுமிச்சை, புளிக்கரைசல், வினிகர் எல்லாம் அதன் தம்பிகள். மார்பிள் கால்சியம் கார்பனேட், புளிப்புப் பட்ட இடம் அரிக்கப்பட்டு மங்கும். அது கறை அல்ல, துடைத்தால் போகாது. மறுபடி 400-இல் தொடங்கித் தேய்க்க வேண்டியதுதான். அடுத்தது வாசல் மணல். மோஸ் அளவுகோலில் பத்துக்கு மார்பிளின் கடினம் 3, மணலின் கடினம் 7, அதனால் மணல் மார்பிளைக் கீறிவிடும். வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு மிதியடி போடுங்கள்.

கார்த்திகை வருகிறது. அகல் விளக்கை வெறும் மார்பிளில் வைக்காதீர்கள், அடியில் தட்டு வையுங்கள். எண்ணெய் இறங்கிவிட்டால், சாக்பீஸ் பொடியில் அசிட்டோன் விட்டுக் குழைத்து அரை அங்குல கனம் அப்பி, பிளாஸ்டிக்கால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு மூடியை எடுத்து உலரவிட்டுச் சுரண்டினால் பொடியோடு எண்ணெய் வரும். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடி போடலாம். அசிட்டோன் பக்கத்தில் நெருப்பு ஆகாது. மஞ்சள் கறைக்கு அசிட்டோனுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு.

எங்களைக் கூப்பிடும்போது கல்லின் பெயர், பதித்த தேதி, எத்தனை சதுர அடி, படிக்கட்டு எத்தனை படி, ஸ்கர்ட்டிங் (சுவரோரக் கல் பட்டி) எத்தனை அடி நீளம், வீட்டில் த்ரீ பேஸ் லைன் வந்துவிட்டதா என்று சொல்லிவிடுங்கள். தை முதல் வாரம் பால் காய்ச்சுபவர்கள் கார்த்திகை முடிவதற்குள் 60 நம்பர் கல் ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாலிஷ் பட்டறையார்