உன் மகன் வாங்கப்போகும் வண்டிக்கு

கிளேர்வுட், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஜூலை 2025

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அதற்குள் இரண்டு முறை ஜோகன்னஸ்பர்க் போய்த் திரும்பிவிட்டேன். இன்று லோடு இல்லை. யார்டில் வண்டி நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து கோயில்வரை நடந்து போகிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பத்தாம் வகுப்பு, பெரியவன் ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

உன் மகன் சொந்த வண்டி எடுக்கப்போகிறான் என்ற வரியை வீட்டில் இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாம் இருவரும் ஒரே லாரியில் கிளீனராக ஏறி, தார்பாய்க்கு அடியில் படுத்துத் தூங்கிய காலத்தில், சொந்த வண்டி என்பது நாமக்கல் ஆஞ்சநேயர் முன்னால் நின்று வேண்டிக்கொள்கிற விஷயமாகத்தானே இருந்தது! அவனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

ஆனால் நீ கூட வைத்து அனுப்பிய அவன் பட்டியலைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஏர் ஹாரன் இரண்டு ஜோடி, கேபினைச் சுற்றி எல்.இ.டி. விளக்கு, ஸ்பீக்கர், புது மெத்தை, முகப்பில் பெயர் எழுத பெயிண்டர். எல்லாவற்றுக்கும் எதிரே தொகை போட்டிருக்கிறான். கடைசி வரியில் மட்டும் "மெக்கானிக் வேலை: ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்துகொள்ளலாம்" என்று எழுதி, தொகை போடாமல் விட்டிருக்கிறான். பங்காளி, அந்தக் கடைசி வரியை முதல் வரியாக்கச் சொல். கையில் இருக்கிற பணம் முதலில் வண்டி நிற்பதற்குப் போகட்டும். பிரேக், டயர், அதற்கு அப்புறம் மற்றதெல்லாம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் 2016-ல் வாங்கியபோது இதே தப்பைச் செய்தேன். இங்கே முன்னால் இழுக்கிற வண்டியை ஹார்ஸ் என்பார்கள், குதிரை. அதன் பின்னால் இரண்டு டிரெய்லரைக் கோத்தால் சூப்பர்லிங்க். மொத்த நீளம் 22 மீட்டர், லோடோடு 56 டன் வரை போகலாம். மாமனார் வண்டியைப் பத்து வருஷம் ஓட்டிய அனுபவம் இருந்ததால் எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். பத்து வருஷப் பழைய குதிரை, பெயிண்ட் பளபளவென்று இருந்தது. இன்ஜின் சத்தம் கேட்டேன், புகை பார்த்தேன், ஆயில் தொட்டுப் பார்த்தேன், பணத்தைக் கொடுத்துவிட்டேன். மிச்சப் பணத்தில் சீட்டும் ரேடியோவும் மாற்றினேன்.

முதல் லோடு ஜோகன்னஸ்பர்க்கில் ஏற்றி டர்பனுக்கு இறங்கினேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே டவுன் ஹில் என்று ஒரு இறக்கம். நம்ம தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள், அந்த மாதிரி. பாதி இறக்கத்தில் பிரேக் லைனர் கருகும் வாசனை. மிதித்தால் மிதி கீழே போகிறது, வண்டி பிடிக்கவில்லை. மீட்டரில் காற்று முழுசாக இருக்கிறது! கியரைக் குறைத்து, புகையை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கை நம்பி, ஓரமாக ஒட்டி ஒட்டி எப்படியோ அடிவாரம் வந்து நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

கிளேர்வுட்டில் ஒரு பெரியவர் மெக்கானிக். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். பெரியவருக்குத் தமிழ் உடைந்து உடைந்துதான் வரும், ஆனால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். சக்கரங்களைக் கழற்றி பிரேக் டிரம்மை அளந்து காட்டினார். ஆறு டிரம் தேய்மான அளவைத் தாண்டியிருந்தது. பிரேக் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்கிற ஸ்லாக் அட்ஜஸ்டர் பாதி துருப்பிடித்து அசையவே இல்லை. "தம்பி, டிரம் சூடானா பெருசாகும், ஷூவை விட்டு விலகிப் போகும்" என்று கையை விரித்துக் காட்டினார். பிரேக் சேம்பரிலிருந்து காற்று தள்ளுகிற கம்பி இவ்வளவு தூரம்தான் வெளியே வரும். ஸ்லாக் சரியாக இல்லாவிட்டால் அந்தத் தூரம் முழுக்க வீணாகி, ஷூ டிரம்மை அழுத்துவதற்கு முன்பே கம்பி நின்றுவிடும். காற்று இருந்து என்ன பயன்? மூன்று வாரம் வண்டி ஸ்டாண்டில் நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. மனைவி வளையலை அடகு வைத்துத்தான் அந்த மாதம் கட்டினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பைன்டவுனுக்கு இறங்குகிற ஃபீல்ட்ஸ் ஹில் என்று ஒரு மேடு. நெடுஞ்சாலை டோலை மிச்சம் பிடிக்க லாரிகள் அந்த வழியாக இறங்கும். நானும் மாமனார் வண்டியில் பலமுறை இறங்கியிருக்கிறேன். 2013 செப்டம்பர் 5 அன்று ஒரு லாரி அங்கே கட்டுப்பாட்டை இழந்து, கீழே சந்திப்பில் வந்த மினிபஸ் டாக்ஸிகள் மேல் ஏறியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள். அதற்குப் பிறகு ஐந்து அச்சும் அதற்கு மேலும் உள்ள வண்டிகள் அந்த மேட்டில் இறங்கத் தடை போட்டார்கள். டோலுக்குப் பயந்து நான் அங்கே இறங்கிய நாட்களை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. உன் மகனிடம் தொப்பூரில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களைப் பற்றிப் பேசு. ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று நம்ம பழைய டிரைவர் அண்ணன் நம்மைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்ததை அவனுக்கும் திட்டியே சொல்.

சரி, டயருக்கு வருகிறேன். என் வண்டிக்கு 26 டயர். முன்னால் இரண்டு, மற்றதெல்லாம் ஜோடி. ஜோடியில் உள்டயர் காற்றிறங்கினால் வெளியிலிருந்து தெரியாது. வெளிடயர் முழு எடையையும் தாங்கிச் சூடேறி வெடிக்கும், இல்லையென்றால் உள்டயர் தேய்ந்து தேய்ந்து தீப்பிடிக்கும். நாம் கிளீனராக இருந்தபோது ஒவ்வொரு நிறுத்தத்திலும் வீல் ஸ்பேனரால் தட்டிச் சத்தம் கேட்போமே, அதை நான் இன்றும் செய்கிறேன். ஆனால் காலையில் வண்டி சூடேறும் முன் கேஜ் வைத்தும் அளக்கிறேன். தட்டும்போது பாதிக் காற்று போனதுகூடச் சில நேரம் நல்ல சத்தம்தான் தரும். இங்கே சட்டப்படி டயரின் பூ, அதாவது மேல்வரி, 1 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். நான் முன் டயரை 4 வந்ததும் கழற்றிப் பின்னால் போட்டுவிடுவேன். முன்னால் ரீட்ரேட், அதாவது புதுப் பூ ஒட்டிய பழைய டயர், போடமாட்டேன், டிரெய்லருக்கு நல்ல ரீட்ரேட் போதும். சக்கரம் மாற்றினால் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி நட்டை மறுபடி முறுக்கச் சொல். கூடவே ஹப்பில் கை வைத்துப் பார்க்கட்டும். மற்ற ஹப்பெல்லாம் வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது.

டீசலில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கடற்கரையில் விலை குறைவு, உள்ளே போகப் போகக் கூடும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். என் வண்டி லிட்டருக்கு 2 கொடுக்கும். 800 லிட்டர் டேங்கை இங்கே நிரப்பினால் போய்த் திரும்பி வந்தும் மிச்சம் இருக்கும். ஆனால் அந்த டீசலே 670 கிலோ எடை. எடை மேடையில் அதையும் கணக்கில் எடுத்துத்தான் லோடு ஏற்ற வேண்டும். டேங்க் வாயில் குழாய் நுழையாதபடி சல்லடைத் தடுப்பு போட்டிருக்கிறேன். தூங்கும்போது உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஃபில்டரை நேரத்துக்கு மாற்று, தண்ணீர் பிரிக்கிற கிண்ணத்தை இறக்கு. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

இப்போது பனி பற்றிச் சொல்கிறேன். போன செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு லோடோடு ஏறினேன். வான் ரீனன் கணவாய் கடல்மட்டத்துக்கு மேலே 1,680 மீட்டர் வரும். அதைத் தாண்டி ஹாரிஸ்மித் போகும் முன்னே பனி கொட்டத் தொடங்கியது. நாமக்கல் வெயிலில் வளர்ந்தவன் நான், பனியில் வண்டி மாட்டிக்கொள்ளும் என்று கனவிலும் நினைத்ததில்லை. விடியும்போது சாலையே தெரியவில்லை. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கு எட்டியவரை லாரிகள், நடுவில் சின்னக் கார்கள். ஒரு பகலும் இரண்டு இரவும் அங்கேயே இருந்தோம்.

அன்று புரட்டாசி முதல் சனிக்கிழமை. இங்கே நம் மக்கள் புரட்டாசி விரதத்தை நம்ம ஊரைவிடக் கண்டிப்பாகப் பிடிப்பார்கள். அதனால் மனைவி புளிச்சோறும் ஊறுகாயும் நிறையக் கட்டிக் கொடுத்திருந்தாள். பக்கத்துக் காரில் ஒரு தாயும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கேபினில் ஏற்றி, பின் படுக்கையில் கம்பளிக்குள் படுக்கவைத்தேன். சின்ன கேஸ் அடுப்பைக் கேபினுக்குள் பற்றவைக்கக் கூடாது என்பதால் டிரெய்லர் மறைவில் வைத்து இஞ்சி டீ போட்டேன். பிள்ளைகள் புளிச்சோற்றைக் காரம் காரம் என்று ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள். மணிக்கு ஒருமுறை இறங்கி, புகைக்குழாயைப் பனி மூடாமல் தள்ளிவிட்டு, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டுச் சூடு வாங்கினோம். போகும்போது அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்து "ஙியாபோங்கா, பாபா" என்றார். ஜூலு மொழியில் நன்றி ஐயா என்று அர்த்தம்.

வழி திறந்தபோதுதான் பிரேக் விஷயம் மறுபடி வந்தது. சுற்றியிருந்த பல வண்டிகள் கிளம்பவில்லை. காற்றுக் குழாயில் தேங்கிய தண்ணீர் உறைந்து பிரேக் விடவில்லை. கம்ப்ரசர் காற்றோடு ஈரத்தையும் காற்று டேங்குக்குள் தள்ளும், அதை இறக்காமல் விட்டால் கோடையில் துரு, குளிரில் பனிக்கட்டி. நான் குளிர் தொடங்கும் முன்பே காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற ஏர் டிரையர் ஃபில்டரை மாற்றியிருந்தேன். அதோடு தினமும் வண்டியை நிறுத்தியதும் டேங்க் வால்வை இழுத்துத் தண்ணீரை இறக்குவேன். ஒரு நிமிஷ வேலை. சேலத்துக்கு வெளியே தூக்கக் கலக்கத்தில் நான் அதைச் செய்யாமல் படுத்துவிட்டதற்கு அண்ணன் முதுகில் ஒரு அறை வைத்தாரே, அந்த அறைதான் என்னை வான் ரீனனில் காப்பாற்றியது.

வண்டியில் இப்போது என்னென்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். 20 லிட்டர் தண்ணீர், கம்பளி இரண்டு, நாலு நாளுக்கு அவல், வறுத்த கடலை. ஃபேன் பெல்ட் ஒன்று, ஃபியூஸ், பல்பு, டிரெய்லருக்குக் காற்று போகிற சூசி குழாய் ஒரு ஜோடி, கிரீஸ் கன், பாட்டில் ஜாக்கி, மரக்கட்டை நாலு, முக்கோணம், ஒளிரும் சட்டை. தலையில் மாட்டும் டார்ச் வாங்கிக் கொடு, இரவில் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். ஹாரனைவிட ஆயிரம் மடங்கு உபயோகம்.

சாலையில் வேறு பயமும் இருக்கிறது. 2018-லும் 2021-லும் மூய் ரிவர் டோல் பக்கம் லாரிகளைக் கொளுத்தினார்கள், 2023 ஜூலையில் வான் ரீனனிலும். அந்த மாதிரி நாட்களில் டிரைவர்கள் நாங்கள் போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, சந்தேகம் வந்தால் லோடைத் தள்ளிப்போட்டுவிடுவோம். பார்ட்டி கோபிப்பான், கோபிக்கட்டும்.

பணம் பற்றி ஒன்றே ஒன்று. ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இந்த நாட்டுப் பணம் 2 ராண்ட் வண்டிச் செலவுக்கென்று தனிக் கணக்கில் போடுகிறேன். ஒருமுறை போய்வந்தால் 2,280. அந்தக் கணக்கு என்னுடையது இல்லை, வண்டியுடையது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத மாதத்தில்கூட அதில் கை வைக்கவில்லை. வாடகைப் பணம் வர 30 நாள், 60 நாள் ஆகும், டயர் கடைக்காரன் அதுவரை காத்திருக்கமாட்டான். உன் மகன் ரூபாயில் எவ்வளவு என்று அவனே கணக்குப் போடட்டும், ஆனால் முதல் ட்ரிப்பிலிருந்தே போடட்டும். பெயிண்டரை ஒரு வருஷம் கழித்துக் கூப்பிடலாம். பெயர் எழுதுகிற செலவை நான் தருகிறேன், இது என் வாக்கு.

வாங்கும் முன் வண்டியைக் குழி மேல் நிறுத்தி, எல்லாச் சக்கரத்தையும் கழற்றி டிரம்மை அளக்கச் சொல். விற்பவன் வேண்டாம் என்றால் அந்த வண்டி வேண்டாம்.

எனக்கும் உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த வாரம் திறந்த டெக்கில் இரும்புக் குழாய் லோடு. இங்கே எல்லாம் ராட்செட் பட்டைதான், ஆனால் தார்பாய்க்கு மேலே கயிறு கட்ட வேண்டியிருக்கிறது. அண்ணன் ஒரு முடிச்சு போடுவார் தெரியுமா, இழுக்க இழுக்க இறுகும், ஒரே உருவில் அவிழும். கை மறந்துவிட்டது. நேற்று மாலை பூரா முயன்றும் மூன்றாவது சுற்று எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபடவில்லை. அதைப் படம் வரைந்து அனுப்பு. உன் மகன் கையால் கட்டவைத்துப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் சந்தோஷம்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன் பங்காளி