நெடுந்தூரப் பயணிகளுக்கு: டயரின் ஆயுளை எதைக் கொண்டு அளப்பது?

அன்புடையீர்,

வணக்கம்.

அட்வென்ச்சர் டூரிங் வண்டி, அதாவது தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் நெடுந்தூரம் போவதற்கான பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் டயர் மாற்ற வரும்போது எங்களிடம் முதலில் கேட்பது, "எது அதிக கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. இருநூறு கிலோவைத் தாண்டும் வண்டி, மேலே இரண்டு பேர், இருபக்கமும் பெட்டிகள் என்று சுமந்துகொண்டு போனால் பின் டயர் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது அவர்களுக்குத் தெரியும். என்றாலும் ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் சொல்லி அனுப்பிவிட எங்களுக்கு மனம் வருவதில்லை. பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) முழுவதும் தேய்ந்து வழுக்கையாகும்வரை ஒரு டயர் உருண்ட தூரம் ஒன்று. வளைவில் நம்பிச் சாய்க்கும்படி, தன் வட்ட வடிவம் கெடாமல் அது ஓடிய தூரம் வேறு. பயணம் போகிறவர் கணக்கில் எடுக்க வேண்டியது இரண்டாவது தூரத்தைத்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. டயரைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து காற்று நிரப்புவதுவரை நாங்கள் சொல்லும் எல்லாமே அதை ஒட்டித்தான்.

நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக நேராக ஓடும்போது பின் டயரின் நடுவில் உள்ள ஒரு குறுகிய பட்டைதான் சாலையைத் தொடுகிறது. எஞ்சினின் இழுப்பு முழுவதும், பின்பாரத்தின் பெரும்பகுதியும் அந்தப் பட்டையின் மேல்தான். ஆகவே நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிறது, ஓரங்கள் புதிதாகவே நிற்கின்றன. தட்டையான பகுதி முடிந்து ஓரம் தொடங்கும் இடத்தில் ஒரு விளிம்பு உருவாகிவிடும். அப்புறம் வண்டியைச் சாய்த்தால் முதலில் முரண்டு பிடிக்கும்; விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று உள்ளே விழும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் இப்படி நேர்ந்தால் ஓட்டுபவர் தன் திறமையைச் சந்தேகிப்பார், சஸ்பென்ஷனைச் சந்தேகிப்பார். பட்டன் இன்னும் பாதி இருக்கிறதே என்று டயரை மட்டும் சந்தேகிக்க மாட்டார்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு சிறிய ஸ்கேலைப் பின் டயரின் குறுக்கே வையுங்கள். புது டயரில் ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு, இருபுறமும் ஆடும். தட்டையான டயரில் ஆடாமல் படுத்துவிடும். பிறகு உள்ளங்கையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். விளிம்பு கையில் தட்டுப்பட்டால், பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் ஆழமானி என்ன சொன்னாலும் அந்த டயரின் நல்ல காலம் முடியப் போகிறது என்று அர்த்தம்.

தயாரிப்பாளர்களும் இதைச் சமாளிக்கத்தான் இரட்டைக் கலவை முறையைக் கொண்டுவந்தார்கள். நடுவில் கடினமான ரப்பர், தோள்களில், அதாவது இரு ஓரங்களில், மென்மையான ரப்பர். நேர்ச்சாலையில் நடு தாங்கும், வளைவில் ஓரம் பிடிக்கும். மிஷ்லின் நிறுவனம் இதற்கு 2சிடி என்று பெயர் வைத்திருக்கிறது. அதன் 2சிடி+ வகையில் தோளின் மென்மையான ரப்பருக்கு அடியிலும் கடின ரப்பர் நீண்டிருக்கும். சாய்ந்த நிலையில் முடுக்கும்போது டயர் நெளியாமல் இருக்க அது உதவுகிறது. ரப்பரில் சிலிக்கா என்ற நுண்பொடியைச் சேர்ப்பது ஈரச் சாலையில் பிடிமானத்துக்காக. கடினமான நடுப்பகுதி கொண்ட டயர் மழையில் வழுக்குமே என்ற பழைய பயம், நல்ல சிலிக்கா கலவை கொண்ட இன்றைய சாலை டயர்களைப் பொறுத்தவரை பெருமளவு குறைந்துவிட்டது.

அடுத்தது 80/20, 50/50 என்று டயர்களுக்குச் சொல்லப்படும் விகிதம். முதல் எண் தார்ச்சாலை, இரண்டாவது மண்சாலை. இவை எந்தத் தர அமைப்பும் அளந்து கொடுத்தவை அல்ல. அந்தந்த நிறுவனம் தன் டயரை எந்தப் பயன்பாட்டுக்காகச் செய்தது என்பதற்கான குறிப்பு, அவ்வளவே. ஒரு நிறுவனத்தின் 80/20 இன்னொரு நிறுவனத்தின் 90/10 போலவே இருக்கலாம். எண்ணைவிடப் பள்ளங்களைப் பாருங்கள். நடுவில் ரப்பர் எவ்வளவு தொடர்ச்சியாக இருக்கிறது, பட்டன்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதைக் கவனியுங்கள். இடைவெளி அதிகமானால் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. உயரமான தனித்தனிப் பட்டன்கள் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் நெளிந்து சூடாகும். சூடு தேய்மானத்தை விரட்டும். மண்ணில் அந்த டயருக்குக் கைகொடுக்கும் அதே பட்டன்தான் தாரில் அதன் ஆயுளைத் தின்கிறது.

எனவே, வாங்குவதற்கு முன் கடந்த ஓராண்டில் எந்தச் சாலையில் எவ்வளவு ஓட்டினோம் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானோருக்குத் தார்ச்சாலைதான் மிகுதி. மண்பாதை என்றால் தங்கும் இடத்துக்குத் திரும்பும் கடைசிச் சில கிலோமீட்டர், அல்லது சாலைப்பணி நடக்கும் ஜல்லித் துண்டு. அதற்கு 80/20 அல்லது 90/10 வகையே தாராளம். மிஷ்லின் அனாகி அட்வென்ச்சர், மெட்செலர் டூரன்ஸ் நெக்ஸ்ட் 2, பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸ் ஏ41, பிரெல்லி ஸ்கார்பியன் டிரெயில் 2, கான்டினென்டல் டிரெயில்அட்டாக் 3, டன்லப் டிரெயில்மேக்ஸ் மெரிடியன் ஆகியவை எல்லாம் இந்தக் குடும்பம். பெரிய வண்டியில் இவ்வகைப் பின் டயர் பொதுவாக 10,000 முதல் 15,000 கி.மீ. வரை தாக்குப்பிடிக்கும். முன் டயர் அதைவிடக் கூடுதலாகவே ஓடும். சாலையின் கரடுமுரடு, வெயில், சுமை, ஓட்டுபவரின் வலது கை ஆகிய நான்கும் சேர்ந்து இந்த எண்ணைப் பாதியாகவும் குறைத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மண்பாதையும் வேண்டும், ஆயுளும் வேண்டும் என்பவர்களுக்கு ஹைடனாவ் கே60 ஸ்கவுட், மிட்டாஸ் இ-07 போன்றவை இருக்கின்றன. கண்டம் தாண்டிப் பயணிப்பவர்களிடையே நீடித்த உழைப்புக்குப் பேர்போனவை. பட்டன் உயரம் அதிகம், ரப்பரும் கடினம். ஆனால் ஈரமான தார்ச்சாலையில் மேலே சொன்ன சாலை டயர்கள் தரும் நம்பிக்கையை இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. மழைக்காலத்தில் தார்ச்சாலையில் மட்டுமே ஓட்டப் போகிறவருக்கு, கூடுதல் கிலோமீட்டர் கிடைக்கும் என்பதற்காக மட்டும் நாங்கள் இவற்றைப் பரிந்துரைப்பதில்லை. முழுப் பட்டன் டயர்கள் வண்டிக்கு எடுப்பான தோற்றம் தரும், மறுக்கவில்லை. தாரில் அவை பாதித் தூரம்கூட வராது, இரைச்சலும் அதிகம்.

அளவைப் பொறுத்தவரை தேர்வுக்கு அதிக இடமில்லை. முன்சக்கரம் 19 அங்குலம் என்றால் 110/80 ஆர்19 (அகலம் 110 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 19 அங்குலம்), பின்னால் 150/70 ஆர்17 என்ற ஜோடி பரவலானது. பெரிய வண்டிகள் சிலவற்றில் 120/70 ஆர்19, 170/60 ஆர்17. முன்சக்கரம் 21 அங்குலமாக உள்ள வண்டிகளில் 90/90-21, பின்னால் பெரும்பாலும் 150/70 ஆர்18. வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே போடுங்கள். அகலமான டயர் அதிகம் உழைக்கும் என்று எண்ணி மாற்று அளவு போட்டால், ரிம் அதை இழுத்துப் பிடித்து வடிவத்தையே கெடுத்துவிடும்.

அளவுக்குப் பக்கத்தில் 69வி என்பது போன்ற எழுத்தைப் பலர் கவனிப்பதில்லை. அந்த 69 என்பது 325 கிலோவரை தாங்கும் என்பதற்கான குறியீடு. வி என்பது மணிக்கு 240 கி.மீ. வரை. முன் டயரில் 59 இருந்தால் 243 கிலோ. ஒரு கணக்குப் பார்ப்போம். வண்டி 230 கிலோ, ஓட்டுபவர் 80, பின்னால் இருப்பவர் 65, பெட்டிகள் 40. மொத்தம் 415 கிலோ. இருவர் அமர்ந்து பின்னால் பெட்டிகளும் இருக்கும்போது அறுபது சதவீதத்துக்கு மேல் பின்சக்கரத்தில்தான் இறங்கும். அதாவது 250 கிலோவைத் தாண்டிவிடும். 325 கிலோ எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த எல்லை, டயரில் உரிய அழுத்தத்தில் காற்று இருந்தால் மட்டுமே செல்லும். காற்று குறையக் குறைய அதன் தாங்கு திறனும் குறையும்.

இனி காற்று. டயரின் பெயரைப் பற்றி அரை மணிநேரம் பேசுகிறவர்கள் காற்றைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. விலை உயர்ந்த டயரையும் சில ஆயிரம் கிலோமீட்டரில் வீணாக்க காற்று ஒன்றே போதும். குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து உள்ளே சூடேறும். வண்டி வளைவில் தொய்ந்து போகும். கூடினால் நடுப்பகுதி மட்டும் உப்பி, அதுவே தேயும். நாம் அஞ்சும் தட்டையாதல் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். இவ்வகைப் பெரிய வண்டிகள் பலவற்றில் முழுச் சுமைக்கு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்று கொடுத்திருப்பார்கள். உங்கள் வண்டிக்கான எண்ணைக் கையேட்டிலோ ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஒட்டிய தாளிலோ பார்த்துக்கொள்ளுங்கள். டயர் ஆறியிருக்கும்போது, காலையில் கிளம்புவதற்கு முன் அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் இந்த அளவு காற்றில் ஒன்றரை பிஎஸ்ஐக்கு மேல் குறைந்துவிடும். சமவெளியில் சரியாக நிரப்பிக்கொண்டு மலையேறி, மறுநாள் விடியற்காலையில் குளிரில் கிளம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் எண் கூடுதலாகக் காட்டுவது இயல்பு; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். சொந்தமாக ஒரு நல்ல காற்றழுத்தமானி வைத்துக்கொள்வது, அடுத்த டயரை ஒரு படி உயர்ந்ததாக வாங்குவதைவிட அதிகப் பயன் தரும்.

முன் டயரின் கதை வேறு. அது நடுவில் தட்டையாவது குறைவு. பிரேக் பிடிக்கும்போது பட்டன்களின் ஒரு முனை மட்டும் அதிகமாகத் தேய்ந்து, ரம்பப் பல் போல ஏறி இறங்கி நிற்கும். கைப்பிடியில் ஒரு நடுக்கமும், வேகம் கூடக்கூட ஒரு முனகலும் கேட்கும். காற்றுக் குறைவு, தளர்ந்த சஸ்பென்ஷன், சரியாகச் சமன் செய்யாத சக்கரம் ஆகியவை இதைக் கூட்டும். பின் டயரை மாற்றும்போதெல்லாம் முன் டயரையும் மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: ஆழம் பாதிக்கு மேல் இருந்து, தேய்மானம் சீராக இருந்தால் தேவையில்லை. ஆனால் முன்னால் ஒரு வகை, பின்னால் வேறு வகை என்று கலக்காதீர்கள். குறிப்பாக, வண்டித் தயாரிப்பாளர் அனுமதிக்காமல் ரேடியலையும் (உள்ளே இழைகள் நேர்க்குறுக்காக ஓடும் டயர்) பயாஸ் பிளையையும் (இழைகள் சாய்வாகக் குறுக்கிடும் டயர்) சேர்த்துப் போட வேண்டாம்.

ஆயுளை ஊகிக்காமல் கணக்கிட ஒரு வழி உண்டு. புது டயரில் நடுப்பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதி வையுங்கள். 8.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3,000 கி.மீ. கழித்து அதே இடத்தில் 6.9 மி.மீ. என்றால் தேய்ந்தது 1.6 மி.மீ. 2 மி.மீ. வந்ததும் மாற்றுவது என்று முடிவு செய்தால், மிச்சம் 4.9 மி.மீ.; இதே போக்கில் இன்னும் ஏறத்தாழ 9,000 கி.மீ. வரும். பள்ளத்துக்குள் குறுக்காக இருக்கும் தேய்மானக் குறியின் இடத்தைப் பக்கச்சுவரில் டிடபிள்யூஐ (TWI) என்ற எழுத்து காட்டும். அந்தக் குறி சாலையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளம் ஆழம் குறைந்தால் மழைநீரை வெளியேற்ற வழியிருக்காது.

பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயர் வாங்கும் எவரும் இதைக் கேட்டுப் பார்க்கலாம், எங்களிடமும் தயங்காமல் கேளுங்கள். பயன்பாட்டுக்கு வந்து ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் ஆண்டுதோறும் ஒரு முறை தேர்ந்தவரிடம் காட்டுங்கள். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் தயாரித்துப் பத்து ஆண்டான டயரில் பயணம் வேண்டாம். குறைவாக ஓட்டுபவருக்கு மிக நீண்ட ஆயுள் கொண்ட டயர் தேவையே இல்லை என்பதும் இதிலிருந்து தெரியும். ரப்பர் தேய்வதற்கு முன்பே முதுமையடைந்துவிடும்.

பொருத்தும்போது அருகில் நின்று பாருங்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா, ரிம்மை ஒட்டிய மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று கவனியுங்கள். ட்யூப்லெஸ் சக்கரத்தில் ரப்பர் வால்வையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். கம்பிச் சக்கரத்தில் ட்யூப் போடுபவர்கள் பழைய ட்யூபைப் புது டயருக்குள் திணிக்க வேண்டாம். பளபளப்புக்காக டயரில் எதையும் பூசாதீர்கள். செயினுக்கு எண்ணெய் தெளித்தால் பின் டயரின் ஓரத்தைத் துடைத்துவிடுங்கள்.

புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. வரை முரட்டுத்தனமாக முடுக்குவதும், பிரேக் பிடிப்பதும், ஆழமாகச் சாய்ப்பதும் கூடாது. ஆகவே பெரும்பயணத்துக்கு முந்தைய நாள் மாலை வந்து டயர் மாற்றிக்கொண்டு போகாதீர்கள். ஒரு வாரம் முன்பாவது வாருங்கள். வரும்போது வண்டியின் கையேடு, வழக்கமாக ஏற்றும் சுமை, பழைய டயர் ஓடிய கிலோமீட்டர் ஆகிய விவரங்களைக் கொண்டு வாருங்கள். பழைய டயரைக் கழற்றியதும் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைச் சேர்ந்து பார்த்துவிட்டுத்தான் புதியதைப் பற்றிப் பேசுவோம். மாற்றிய பிறகு சில நாள் ஓட்டிவிட்டு, ஒரு காலையில் ஆறிய டயரில் காற்றை மறுபடி அளந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இங்ஙனம்,
டயர்ப் பிரிவினர்