நாய்க்கும் நமக்கும் ஒரே டப்பாவா? சேலம் மாவட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர், மருந்துகள் கட்டுப்பாட்டுத் துறையின் உதவி இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர், சேலம்.

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பணியில் முப்பத்தோரு ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஏற்காட்டில் ஒரு சிறு காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்பவன் நான். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் கீழே சேலத்தில், அழகாபுரத்தில் இருக்கிறார்கள். மூன்று துறைகளுக்கும் தனித்தனியே மனு எழுதாமல் ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் சொல்ல வந்த பொருள் மூன்று துறைகளின் எல்லைகளும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் பொருளை ஒவ்வொருவரும் அடுத்தவருடையது என்று நினைத்துவிடுவது இயல்பு.

அது ஒரு சத்துப் பொடி டப்பா. மேலே 'ஹோலிஸ்டிக்' (முழு உடல் நலத்துக்கானது) என்ற சொல், பச்சை இலை ஒன்று, சிரிக்கும் குடும்பம் ஒன்று, அவர்கள் காலடியில் ஒரு நாய். பெரியவர்களுக்கு இரண்டு கரண்டி, குழந்தைகளுக்கு ஒரு கரண்டி, செல்லப்பிராணிக்கு அரைக் கரண்டி என்று பின்புறம் அச்சிட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்ற இடத்தில் 'மூலிகைகள், கனிமங்கள், வைட்டமின்கள்' என்ற மூன்று சொற்கள் மட்டுமே உள்ளன. எந்த மூலிகை, எத்தனை மில்லிகிராம் என்பது எங்கும் இல்லை.

என் மருமகள் இதைச் சேலத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கினாள். வீட்டில் பன்னிரண்டு கிலோ எடையுள்ள நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. பின்னங்காலைச் சற்றே இழுத்து நடந்தது. டப்பாவைக் கொடுத்த கடைக்காரர், பொடி முழுப் பலன் தர வேண்டுமானால் மனிதர்கள் வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்கும் வைட்டமின் டி உறையையும் நாய்க்கு வாரம் ஒன்று கொடுக்கச் சொல்லியிருக்கிறார். மருந்துக் கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் உறைகளைக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாவது வாரத்தில் நாய் சோற்றைத் தொடவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, வீடெல்லாம் சிறுநீர் கழித்தது, வாந்தி எடுத்தது. கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கால்சியம் ஏறியிருந்தது. பல நாட்கள் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியபடியே கிடந்து பிழைத்துக்கொண்டது. ஆனால் சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. வாழ்நாள் முழுவதும் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் வீட்டிலேயே இது நடந்தது என்பதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

கணக்கைப் பார்த்தால் வியப்பதற்கு எதுவுமில்லை. அந்த உறையில் இருப்பது 60,000 சர்வதேச அலகு, அதாவது ஒன்றரை மில்லிகிராம் வைட்டமின் டி3. வளர்ந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு 600 அலகு போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அந்தக் கணக்கில் ஓர் உறை நூறு நாள் தேவை. குறைபாடு உள்ளவருக்கு மருத்துவர் அளந்து எழுதும் மருந்து அது. அறுபது கிலோ மனிதரின் உடலில் கிலோவுக்கு 1,000 அலகாகப் பரவுவது, பன்னிரண்டு கிலோ நாயின் உடலில் 5,000 அலகாகிறது. நாய்களில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமை, அதாவது 4,000 அலகைத் தாண்டினாலே நச்சுக் குறிகள் தென்படலாம் என்பது கால்நடை மருத்துவம் படித்தவர்கள் அறிந்த எல்லை. கொழுப்பில் கரையும் சத்தாதலால் மிஞ்சியது சிறுநீரில் வெளியேறிவிடாமல் உடலிலேயே சேர்கிறது. இதே டி3 சில நாடுகளில் எலி மருந்தாகவும் விற்கப்படுகிறது என்பதைச் சொன்னபோது என் மகன் முதலில் நம்பவில்லை.

இதில் என்னை உறுத்துவது உறையைவிட அந்தப் பொடிதான். உறையில் எவ்வளவு என்றாவது அச்சிட்டிருந்தது. "பொடியில் டி எவ்வளவு, கால்சியம் எவ்வளவு?" என்று கால்நடை மருத்துவர் கேட்டபோது, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை. அளவு தெரியாத ஒன்றை முறிப்பதற்கு அவர் ஊகத்தின்பேரில்தான் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது.

இப்படி ஒரு டப்பா சட்டத்தின் கண்ணில் எப்படிப் படாமல் போகிறது என்று தேடிப் படித்தேன். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் உணவு என்பதற்குத் தரும் விளக்கத்தில் கால்நடைத் தீவனம் சேராது. நாய், பூனை உணவுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 11968 என்ற தரத்தை வகுத்திருந்தாலும், அது விரும்பியவர் பின்பற்றலாம் என்ற நிலையில் இருக்கிறது. ஆனால் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டமோ, மனிதருக்காயினும் விலங்குக்காயினும் நோயைத் தீர்க்கவும் தடுக்கவும் கொடுக்கப்படுவதை மருந்து என்றே சொல்கிறது. ஆகவே 'நாயின் மூட்டுவலி தீரும்' என்று ஒருவர் விற்றால் அவர் மருந்துதான் விற்கிறார். அதற்கு உரிமம் வேண்டும். விற்பவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது போலும். வாயால் நோய் தீரும் என்கிறார்கள், அட்டையில் துணை உணவு என்று போடுகிறார்கள். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

மனிதர் பக்கம் விதிகளுக்குக் குறைவில்லை. ஊட்டச்சத்துத் துணை உணவுகளுக்கென 2016ஆம் ஆண்டே தனி ஒழுங்குமுறை வந்துவிட்டது. மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற வாசகமும், ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதும், அந்த அளவைத் தாண்டக்கூடாது என்ற எச்சரிக்கையும் அட்டையில் இருக்க வேண்டும். பதினான்கு இலக்க உரிம எண் இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் முன்பே தடுத்துவிட்டது. ஆனால் இந்த டப்பாக்கள் விற்கப்படும் இடம் பல நேரங்களில் கடையே அல்ல. அஸ்தம்பட்டியிலோ அம்மாபேட்டையிலோ ஒரு வீட்டின் கூடத்தில் இருபது பேரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, "என் அத்தைக்குச் சர்க்கரை மாத்திரையே நின்றுவிட்டது" என்று உறவினர் ஒருவரே சொல்லும்போது, அங்கே அட்டையை யார் படிக்கிறார்கள்? மருந்தை நிறுத்திவிட்டுப் பொடியை நம்பி, மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களை என் பணிக்காலத்தில் ஒருவர் இருவரல்ல, பலரைப் பார்த்திருக்கிறேன்.

இயற்கை என்ற சொல்லும் காப்பு ஆகாது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் எழுபதைச் சோதித்ததில் பதினான்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. புரோட்டீன் பவுடரைப் பற்றி ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், உடலை ஏற்றுவதற்காக அதை நாட வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. சேலம் நான்கு ரோடு பகுதியில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞரிடம் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

ஓர் உடலுக்கு நல்லது இன்னோர் உடலுக்கு என்ன ஆகும் என்பதுதான் இதில் மையமான கேள்வி. சர்க்கரை சேர்க்காத சத்து மிட்டாய்களில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நமக்கு நஞ்சாவதில்லை. நாயின் உடலிலோ அது இன்சுலினைத் திடீரென்று சுரக்கவைத்துச் சர்க்கரையை அரைமணி நேரத்துக்குள்ளேயே தாழ்த்திவிடக்கூடும். கூடுதலானால் கல்லீரல் போய்விடும். உண்ணிக்கு நல்லதென்று பூண்டுப் பொடி கொடுக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைக்கும். பூனையின் கதை இன்னும் வேறு. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பூனையால் முடியாது. தாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். தயிர்சாதத்தில் கீரைப் பொடியைத் தூவிப் பூனைக்கு வைப்பவர் அன்போடுதான் வைக்கிறார்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பப்பாளி இலை மாத்திரை. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்க்கு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும். அதைக் கேட்டதும், டெங்குக்கு மனிதர்கள் சாப்பிடுவதைப் போல நாய்க்கும் பப்பாளி இலைச் சாற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்கிறார்கள். எர்லிக்கியா என்ற நுண்ணுயிரால் வரும் அந்தக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்து இருக்கிறது. காத்திருக்கும் வாரத்தில்தான் நாய் போய்விடுகிறது.

சத்து மாத்திரைகளே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை எத்தனை தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை என் கையால் கொடுத்தே அறிந்தவன் நான். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதே மாத்திரைகளில் பத்தை ஐந்து கிலோ நாய்க்குட்டி கடித்துத் தின்றுவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று உடனே கணக்குப் போட முடிவதும் அந்த எழுத்தால்தான். வெறும் இறைச்சியில் வளரும் குட்டிக்குக் கால்சியம் தேவைப்படலாம். முழுமையான பாக்கெட் உணவு தின்னும் பெரிய இனக் குட்டிக்கு மேலும் கால்சியம் கொடுத்தால் எலும்பு கோணிவிடும். எது யாருக்கு என்று கால்நடை மருத்துவர் சொல்லட்டும். அவர் சொல்வதற்கு அட்டை உதவ வேண்டும்.

மலையைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் சேர்வராயன் மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் எந்த டப்பாவுக்கும் குறைந்தவை அல்ல. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. சுற்றுலா வருபவர்களுக்கு மிளகும் தேனும் மூலிகைப் பொடியும் விற்றுப் பிழைக்கும் சிறு வியாபாரிகளை விரட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பொட்டலத்தில் செடியின் பெயரையும் அரைத்த தேதியையும் எழுதவும், சர்க்கரை தீரும் என்ற வாசகத்தை விடவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாலே போதுமானது.

ஜவ்வரிசியில் வெளுப்பு இரசாயனம், வெல்லத்தில் ஹைட்ரோஸ் என்ற வெளுப்புப் பொருள், மாம்பழத்தில் கார்பைடு என்று இந்த மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை தேடிப் பிடிப்பதைச் செய்தித்தாளில் படித்துவருகிறேன். அந்தக் கண்ணை இந்த டப்பாக்களின் மேலும் திருப்ப வேண்டுகிறேன். சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கட்டணம் செலுத்திப் பொருளைச் சோதிக்க வாங்குபவருக்கே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் சோதனைக்குக் கொடுக்கப்போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எத்தனை பேருக்கு இது தெரியும்? டப்பா வாங்கியபோது எங்களுக்கே தெரியாது, ஆகவே எங்கள் டப்பாவை அந்த வழியில் நான் கொண்டுபோக இயலாது. இந்த உரிமையையும் நிபந்தனையையும் கட்டண விவரத்தையும் தமிழில் எழுதி, கடைகளிலும் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் ஒட்டிவைக்கலாம்.

விலங்குகளுக்கானவற்றுக்கும் இடம் தொலைவில் இல்லை. கோழித்தீவனத்தைச் சோதித்துப் பழகிய தீவனப் பகுப்பாய்வுக் கூடம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. தலைவாசலில் கால்நடை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை மாதிரி எடுத்து அனுப்பவும், நோய் தீரும் என்று அச்சிட்ட விலங்குப் பொருட்களை மருந்துகள் கட்டுப்பாட்டுத் துறை உரிமம் கேட்டு நிறுத்தவும் சட்டத்தில் இடமிருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். அதுவரை, தயாரித்தவர் பெயரும் முகவரியும் நிகர எடையும் விலையும் தேதியும் இல்லாத எந்தப் பொட்டலத்தையும், அது நாய்க்கானதாக இருந்தாலும், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி எடையளவு ஆய்வாளரே பிடிக்கலாம். செல்லப்பிராணிக் கடைகளுக்கு மூன்று துறைகளும் சேர்ந்து ஒரே நாளில் ஆய்வுக்குப் போனால், 'இது எங்களுடையது அல்ல' என்று சொல்லும் தேவை யாருக்கும் வராது.

அந்த டப்பாவில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கிறது. பிரிக்காத உறைகள் மூன்றையும், இரண்டு கடைகளின் விலைச்சீட்டுகளையும், நாயின் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு, என்று கொண்டுவர வேண்டும் என்பதை மூன்று துறைகளில் ஒன்று சொன்னால், முதல் பேருந்திலேயே மலையிறங்கி வந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
ஏற்காடு.