கட்டும்போதே காற்றுக்கு வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை மின்கட்டணம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஏசியை 25-இல் வையுங்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் வீடு கட்டும்போதே செய்ய வேண்டியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

1960-இல் அலிக்ஸ், கரோல் என இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அடித்த பிறகு, நம் மொரீஷியஸ் தீவில் மரவீடுகள் போய் கான்கிரீட் வீடுகள் பெருகின. அதில் தப்பில்லை. ஆனால் தட்டையான மொட்டைமாடி பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, நாம் படுக்கும் நேரத்தில் அறைக்குள் இறக்குகிறது. எங்கள் மாடி அறையில் இரவு பத்து மணிக்குக்கூட மேல்தளத்தின் அடிப்பக்கம் கைக்குச் சுடும்.

இத்தீவில் பெரும்பாலும் தென்கிழக்குக் காற்றுதான். அந்தப் பக்கம் ஒரு சன்னல், எதிர்ச்சுவரில் சற்றுப் பெரிதாக இன்னொன்று, சூடான காற்று வெளியேற உயரத்தில் ஒரு திறப்பு இருக்க வேண்டும். வெளியேற வழியில்லாவிட்டால் எவ்வளவு பெரிய சன்னல் வைத்தாலும் காற்று சரியாக உள்ளே வராது. (கொசு வருமே என்பார்கள். வலை எதற்கு இருக்கிறது?) மோக்கா ஊரில் இருக்கும் பழைய காலத்து யுரேக்கா மாளிகையின் வராந்தாவையும் வரிசைக் கதவுகளையும் ஒருமுறை பார்த்தால் போதும், விஷயம் புரியும். மாலை வெயில் நேராக அடிக்கும் மேற்குச் சுவரில் கண்ணாடி பதிக்கும் இன்றைய மோகம்தான் எனக்குப் புரியவில்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் மொட்டைமாடிக்கு வெள்ளைப் பெயின்டாவது அடிக்கலாம். கட்டப்போகிறவர்கள், காற்று எப்படி நுழைந்து எப்படி வெளியேறும் என்று வரைபடம் போடுபவரிடம் முதலில் கேளுங்கள்.

ஒரு வாசகர்,
ரோஸ்ஹில்