இரண்டு புறநகர்கள், ஒரு வீடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கு அனைவரும் நலம். மூத்தவள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அருகருகே உள்ள இரண்டு புறநகர்களில் ஒன்றில் ரயில் நிலையம் பக்கம், ஆனால் விலை கூடுதல். மற்றொன்றில் அதைவிடக் குறைந்த விலைக்குப் பெரிய வீடு, ஆனால் நிலையம் தொலைவு என்று எழுதியிருந்தாய். எல்லையைத் தாண்டும்போது மாறுபவை எவை என்பதை முதலில் பிரித்துப் பார். எந்த உள்ளாட்சியின் கீழ் வருகிறது, வீட்டு வரி எவ்வளவு, குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தெரு வரை வந்துவிட்டனவா, பக்கத்து மனையில் எத்தனை மாடி கட்ட அனுமதி உண்டு என்பவற்றை அந்தந்த அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுதிக்கொள். மற்றவை பெரும்பாலும் தெருவுக்குத் தெரு வேறுபடுபவை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோடையில் பார்த்து, கோடையிலேயே பத்திரம் பதிந்து குடிவந்த இந்த வீட்டில், முதல் மழைக்காலத்திலேயே தண்ணீர் வாசற்படி ஏறியது. இதே புறநகரில், சற்றே மேடான அடுத்த தெருவில், அன்று வெள்ளம் தேங்கவே இல்லை. விற்றவர் வாய் திறக்கவில்லை, நானும் அக்கம்பக்கத்தில் விசாரிக்கவில்லை. ஆகவே, பழைய சுற்றுச்சுவர்களில் நீர்க்கறை எந்த உயரம் வரை படிந்திருக்கிறது என்று பார். அங்கே நெடுநாள் குடியிருப்பவர்களிடம் தயங்காமல் கேள்.

விலை வித்தியாசத்தைக் கடனோடு சேர்த்துக் கணக்கிடு. 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால், மாதத் தவணைகளாக நீ கட்டி முடிக்கும் மொத்தத் தொகை வாங்கிய கடனைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும். கூடுதல் விலையைக் கடனில் கொடுத்தால் அதுவும் அப்படியே இரட்டிக்கும். எதிர்ப்பக்கத்தில் நேரத்தை வை: ஒரு வழிக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்தால், ஆண்டுக்கு 250 வேலை நாட்களில் 250 மணி நேரம், அதாவது பத்து முழு நாட்களுக்கும் மேல், வழியிலேயே கழியும். வரைபடம் காட்டும் தூரத்தை நம்பாமல், திங்கட்கிழமை காலையில் இரண்டு வீட்டு வாசல்களிலிருந்தும் அலுவலகம் வரை ஒரு முறை போய்ப் பார்.

என் கருத்தைக் கேட்டாயானால், தெரு மேடாக இருந்து தவணையும் உன் சம்பளத்துக்குள் நெருக்கடியின்றி அடங்குமானால், நிலையத்தருகே உள்ள சிறிய வீட்டையே எடுத்துக்கொள் என்பேன். அம்மா மருத்துவமனைக்கு யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடியும். பிள்ளைகள் உறங்குவதற்கு முன் நீயும் வீடு திரும்பிவிடுவாய். தவணை கழுத்தை நெரிக்குமென்றால் மட்டும் மற்றதைப் பற்றி யோசி.

முன்பணம் கொடுப்பதற்கு முன், நல்ல மழை பெய்த மறுநாள் இரண்டு தெருக்களையும் பார்க்கப் போ. கிளம்பும்போது சொல், நானும் உடன் வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்