கல்லறைச் சுவர்

அன்புள்ள குருவி,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டித் தீர்த்துக்கொள். அம்மா சுகம். உன் மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று உங்கண்ணன் சொன்னார். பாட்டியாகிவிட்டாய், இனியாவது அஞ்சாங்கல்லில் அழுகுணி ஆடாதே.

போன செவ்வாய் கோர்ட்டில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கூலி கேட்டதற்காகச் சாதிப் பெயர் சொல்லி அடிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குப் பிசிஆர் கேஸ், அதாவது வன்கொடுமை வழக்கு நடத்துகிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு தாளை நீட்டினார். அவளுடைய ஞானஸ்நானப் பதிவேட்டு நகல். கிறிஸ்தவர் எஸ்சி பட்டியலில் வரமாட்டார், ஆகவே வன்கொடுமைச் சட்டமும் பொருந்தாது என்றார். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அடிக்கும்போது என் கழுத்துல கெடந்த ஜெபமாலையவா பாத்தான், அக்கா?"

எல்லாம் எஸ்சி பட்டியலை வகுத்த 1950 ஆணையின் மூன்றாம் பத்தி. இந்து அல்லாதவர் எஸ்சி ஆகமாட்டார் என்றது அது. அதில் சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்துக்கொண்டார்கள். எங்களை இல்லை. 2007இல் அரசே அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது, நீக்கவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது 1985 தீர்ப்பு. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், எஸ்சி தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை கிறிஸ்தவர் என்பதால் தனக்குக் கிடைக்காமல் போக, உச்ச நீதிமன்றம் வரை போனார். தோற்றார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட ஆதாரம் போதவில்லையாம்.

ஆதாரமா, குருவி? நம் பங்குக் கல்லறையில் சாதிச் சுவராக நிற்கிறதே! என் பாட்டி சுவருக்கு அந்தப் பக்கம், உன் தாத்தா இந்தப் பக்கம். திருவிழாச் சப்பரம் எங்கள் தெருமுனையோடு திரும்பியதை நாம் இரண்டு பேரும் கைகோத்து நின்றுதானே பார்த்தோம்? நான் நற்கருணையை முழுசாக நம்புகிறவள். ஒரே அப்பத்தில் எல்லோருக்கும் பங்கு என்று நம்பித்தான் கறுப்பு அங்கியே போட்டேன். அரசை எதிர்த்து வாதாட எழுந்தால், கையில் இருக்கும் சாட்சியெல்லாம் என் திருச்சபைக்கு எதிராக இருக்கிறது. "நம்ம வீட்டு விஷயத்தை ஏன்மா வெளியே?" என்கிறார் சாமியார். சொல்லாமல் அந்தப் பெண்ணுக்கு நான் எதைக் கொண்டு வாதாட?

நாங்கள் போடப்போகும் மனுவுக்கு ஒரு அபிடவிட், சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம், தயாராகிறது. சுவரைப் பற்றி, சப்பரத்தைப் பற்றி. எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். உங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. உங்கண்ணன் கோபப்படுவார் என்று தெரியும். கல்லறைத் திருநாளுக்கு நீ வருவாய் அல்லவா, தாளைக் கொண்டுவருகிறேன். படித்துப் பார்.

பேரன் படம் அனுப்பு.

உன்,
வக்கீலம்மா